வீடிழந்தோரைப் பாடுதல்

புறநானூற்றிலே போரைப் பாடும் பாடல்கள் மிகப் பல. யானை வீழ்ந்தது, மதில் இடிந்தது, பகைவர் நாடு எரியுண்டது என்று புலவர் பலரும் வேந்தரைப் புகழ்ந்தனர். அந்த ஆரவாரத்தின் நடுவே, 112ஆம் பாடலாக, ஐந்தே அடிகள் கொண்ட சிறு பாடல் ஒன்று நிற்கின்றது. பறம்புமலைத் தலைவனாகிய பாரியின் மகளிர் இருவர் பாடியது அது என்று மரபு கூறும். மூவேந்தர் முற்றுகையிட்டனர், பாரி இறந்தான், மலை பிறர் கைப்பட்டது. ஒரு முழுநிலவு நாளில் அம்மகளிர் சென்ற திங்களின் நிலவை நினைக்கின்றனர். அன்று தந்தை உடனிருந்தான், மலையும் தமதாயிருந்தது. இன்றும் நிலவு அதே நிலவுதான், அவ்விரண்டும் இல்லை. பாட்டின் பொருள் இவ்வளவே. இதில் குருதி இல்லை, சாபம் இல்லை, பகைவரைப் பற்றி ஒரு தொடருக்குமேல் இல்லை. போரினால் இடம்பெயர்ந்தோர் தம் வாயாற் பாடியதாகத் தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பாடல்களுள் இஃது ஒன்று.

இதற்குச் சில பாடல்கள் தள்ளி, 116ஆம் பாடலாகக் கபிலர் பாடிய ஒன்று உண்டு. பாரியின் தோழரான கபிலர் அம்மகளிரைத் தம்முடன் அழைத்துச் சென்றவர். அவர்கள் தங்கியிருந்த சிறு வீட்டை அவர் காட்டுகின்றார். முள்வேலி, பருத்தி கிடக்கும் முற்றம், சுரையும் பீர்க்கும் படர்ந்த பக்கம். அங்கேயுள்ள குப்பைமேட்டில் ஏறி நின்று, தெருவழியே போகும் உப்புவணிகரின் வண்டிகளை அப்பெண்கள் எண்ணுகின்றனர். முன்னர்த் தந்தையின் மலையுச்சியில் நின்று அவர்கள் எண்ணியவையோ படையெடுத்து வந்த வேந்தரின் குதிரைகள். எண்ணும் விளையாட்டு மாறவில்லை. நிற்கும் இடம் மாறிவிட்டது. எண்ணப்படும் பொருளும் மாறிவிட்டது. கபிலர் தம் நெஞ்சு நோவதைச் சொல்லுகின்றார். ஆனால் நம் கண்முன் அவர் நிறுத்துவது தம் கண்ணீரை அன்று, அந்தக் குப்பைமேட்டையே.

போரினால் வீடிழந்த குடிமக்களைக் கதையிலும் கவிதையிலும் எழுதப் புகுவோர்க்கு இவ்விரு பாடல்களும் இன்றும் பாடமாக இருக்கத்தக்கன. ஒன்று இழந்தவரே பாடியது. மற்றது உடன் நின்றவர் பாடியது. இரண்டிலும் போர் புறத்தே நிற்கின்றது; வீடே உள்ளே இருக்கின்றது. ஆயின் ஒரு குறையையும் மறைத்தலாகாது. பறம்பு நாட்டில் முந்நூறு ஊர்கள் இருந்தன என்று கபிலரே பிறிதோரிடத்திற் கூறுகின்றார். முற்றுகைக்குப் பின் அவ்வூர்களின் உழவரும் குறவரும் எங்கே போயினர்? அவர்களுடைய பெண்கள் எந்தக் குப்பைமேட்டில் ஏறி எதனை எண்ணினர்? அதைச் சொல்ல ஒரு பாட்டும் நமக்குக் கிட்டவில்லை. அரசகுமாரியருக்குக் கபிலர் வாய்த்தார்; ஊராருக்கு யாரும் வாய்க்கவில்லை. அந்த ஊராரை எழுதுவதே இக்கால இலக்கியத்தின் கடன்.

அக்கடனை ஏற்றுக்கொண்ட நூல்களுள் ஒன்று பிரெஞ்சு மொழியில் எழுந்தது. அதனை எழுதியவர் ஐரீன் நெமிரோவ்ஸ்கி என்னும் பெண்மணி. 1903இல் கீவ் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். ருஷ்யப் புரட்சியின் பின் குடும்பம் நாட்டைவிட்டு ஓடியது. 1919இல் பிரான்சை அடைந்தது. ஆகவே வீடுவிட்டு ஓடுதல் இன்னதென்று அவர் இளமையிலேயே அறிந்திருந்தார். பிரான்சிலே அவர் புகழ்பெற்ற நாவலாசிரியரானார்.

1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜேர்மன் படை பாரிஸ் நகரை நெருங்கிற்று. நகரமே தெற்கு நோக்கிப் பெயர்ந்தது. மோட்டார் வண்டிகள், மாட்டு வண்டிகள், துவிச்சக்கர வண்டிகள், கைவண்டிகள், கால்நடையாகச் செல்வோர் எனப் பல இலட்சம் மக்கள் சாலைகளை நிறைத்தனர். வானூர்திகள் தாழப் பறந்து சுட்டன. ஜூன் 14ஆம் நாள் பாரிஸ் வீழ்ந்தது. இந்தப் பெயர்ச்சியை நெமிரோவ்ஸ்கி அடுத்த இரண்டு ஆண்டுகளுள் நாவலாக எழுதலானார். ஐந்து பாகங்கள் எழுத எண்ணினார், இரண்டையே எழுதிமுடித்தார். ‘சுவீத் பிரான்சேஸ்’ என்பது நூலின் பெயர். அதன் முதற்பாகம் ‘ஜூன் மாதப் புயல்’ எனப் பொருள்படும் பெயருடையது.

அந்த முதற்பாகத்தை வாசிப்போர் முதலில் வியப்படைவர். அகதிகளைப் பற்றிய நூலென்றால் இரக்கத்தை எதிர்பார்ப்போம் அன்றோ? இங்கே ஆசிரியர் யாரையும் எளிதில் விடுவதில்லை. பெரிக்கான் என்னும் செல்வக் குடும்பத்தின் தலைவி வெள்ளிப் பாத்திரமும் வெண்துணியும் மறவாது கட்டிக்கொண்டு, பிள்ளைகளோடும் வேலைக்காரரோடும் புறப்படுகின்றாள். இடைவழியில் ஒரு சிற்றூரில் தீப்பற்றுகின்றது. நள்ளிரவில் மீண்டும் ஓடுகின்றனர். நகை இருக்கின்றதா, பணம் இருக்கின்றதா, பிள்ளைகள் இருக்கின்றார்களா என்று எண்ணிப் பார்த்து ஆறுதல் அடைந்தபின் நெஞ்சு திடுக்கிடுகின்றது. நடக்கமாட்டாத மாமனாரை விட்டுவிட்டு வந்தாயிற்று! சீனக் களிமண் கிண்ணங்களைச் சேர்த்துவைத்து அவற்றை மனிதரினும் மேலாக நேசிக்கும் லாங்கெலே என்பவன் ஓர் இளந்தம்பதியரோடு நட்புப் பாராட்டுகின்றான். அவர்கள் களைத்து உறங்கும்போது அவர்களுடைய பெற்றோலைத் திருடிக்கொண்டு போய்விடுகின்றான். வங்கியிற் பணிபுரியும் மிஷோ தம்பதியருக்கு முதலாளி தன் மோட்டார் வண்டியில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கின்றார். புறப்படும் வேளையில் அவர்களுடைய இடத்தை முதலாளியின் ஆசைநாயகியும் அவளுடைய நாயும் பிடித்துக்கொள்கின்றனர். மிஷோவும் மனைவியும் நடக்கின்றனர். மகன் போர்முனையில், உயிரோடிருக்கின்றானோ இல்லையோ தெரியாது. நடந்தே போகின்ற அவ்விருவரிடத்திலேதான் நூலின் முழு மாண்பும் தங்கியிருக்கின்றது. ஆசிரியர் அதனை வாய்விட்டுச் சொல்வதில்லை.

அகதியைப் புனிதராக்கி எழுதுவது நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் ஒரு பிழை. குண்டுக்கு அஞ்சி ஓடுகின்றவன் ஓடுவதனாலேயே நல்லவனாகிவிடுவதில்லை. கஞ்சன் கஞ்சனாகவே ஓடுகின்றான். சண்டைக்காரி சண்டையிட்டுக்கொண்டே நடக்கின்றாள். மாமியார் மருமகள் மனத்தாங்கல் கூடாரத்துக்குள்ளும் வரும். சாதிப் பெருமை பார்த்தவர் தண்ணீர் வரிசையிலும் அதைப் பார்த்ததுண்டு. இவற்றையெல்லாம் துடைத்துவிட்டு, வற்றிய முகமும் நீட்டிய கையுமாக மட்டும் அவர்களை எழுதினால், எழுதப்பட்டவர் மனிதராயிரார். இரக்கத்துக்கு நிறுத்திவைத்த பொம்மையாவர். அந்தச் சாலையிலே உண்மையாக நடந்தவர் அந்நூலைக் கையிலெடுத்தால், ‘இது நாங்கள் அல்லோம்’ என்றே சொல்வார்.

நெமிரோவ்ஸ்கியின் நூலைப்பற்றி ஒரு குறை கூறப்படுவதுண்டு. யூதராகிய ஆசிரியர் யூதருடைய துன்பத்தைத் தம் கதையிற் காட்டவில்லையே என்பர். குறை உண்மையே. ஆயினும் அதற்குரிய விடை நூலுக்கு வெளியே கிடக்கின்றது. 1942 ஜூலை 13ஆம் நாள், அவர் தங்கியிருந்த சிற்றூரிலே அவர் கைதுசெய்யப்பட்டார். அடுத்த மாதம் ஓஷ்விட்ஸ் முகாமில் இறந்தார். கணவரும் அதே ஆண்டில் அங்கு கொல்லப்பட்டார். சிறுமியரான மகளிர் இருவரையும் பாதுகாவலர் ஒளிப்பிடத்துக்கு ஒளிப்பிடமாகக் கொண்டு சென்றபோது, தாயின் கையெழுத்துப்படி ஒரு பெட்டியில் அவர்களோடு போயிற்று. அது தாயின் நாட்குறிப்பு என்றெண்ணி, படிக்கும் துணிவின்றி, நெடுங்காலம் அப்பெட்டியை அவர்கள் காத்தனர். நூல் அச்சேறியது 2004இல். எழுதி அறுபத்திரண்டு ஆண்டுகளின் பின்! இடம்பெயர்ந்தோரின் கதை தானும் இடம்பெயர்ந்து, ஒளிந்து, காத்திருந்து வெளிவந்தது.

இனி மேற்காசியாவை நோக்குவோம். 1948ஆம் ஆண்டுப் போரிலே ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீன மக்கள் வீடுகளை இழந்தனர். அவர்களுள் ஒருவன் அக்கா என்னும் கடற்கரை நகரைச் சேர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன். பெயர் கஸ்ஸான் கனபானி. குடும்பம் லெபனானுக்கும் பின் டமஸ்கசுக்கும் சென்றது. வளர்ந்தபின் அவர் அகதிப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் ஆசிரியரானார். அங்கு நிகழ்ந்ததாகக் கூறப்படும் ஒரு செய்தி ஆசிரியத் தொழிலில் உள்ளோர் எவரும் மறக்கவொண்ணாதது. ஓவியப் பாடத்தில் ஆப்பிளும் வாழைப்பழமும் வரையக் கற்பிக்க வேண்டுமென்று பாடத்திட்டம் பணித்தது. கரும்பலகையில் அவற்றை வரையத் தொடங்கியவர், இப்பிள்ளைகளின் வாழ்வில் இப்பழங்களுக்கு இடமேது என்று எண்ணி, வரைந்ததை அழித்துவிட்டு, அவர்கள் வாழும் முகாமையே வரையச் சொன்னார். பிற்காலத்தில் அவர் எழுதியவற்றுக்கெல்லாம் அந்தக் கரும்பலகையே தொடக்கம் எனலாம்.

1963இல் வெளியான ‘வெயிலில் மனிதர்’ என்னும் அவருடைய குறுநாவல் அளவிற் சிறியது. பிழைப்புத் தேடிக் குவைத்துக்குப் போகத் துடிக்கும் பலஸ்தீனர் மூவர். மூன்று வேறு தலைமுறையினர். அனுமதிச்சீட்டு இல்லை. பஸ்ராவிலிருந்து தண்ணீர் கொண்டுசெல்லும் லொறியொன்றின் சாரதி, வெறுமையாயுள்ள தண்ணீர்த் தாங்கிக்குள் அவர்களை ஒளித்துக் கடத்துவதாக ஒப்புக்கொள்கின்றான். எல்லைச் சாவடியில் உள்ளே புகுந்து சில நிமிடம் மூச்சடக்கியிருந்தால் போதும். முதற் சாவடி கடந்தாயிற்று. இரண்டாம் சாவடியிலே, குளிரூட்டிய அறையில் இருக்கும் அலுவலர் சாரதியை மறித்து, ஒரு நாட்டியக்காரியைப் பற்றி வேடிக்கை பேசிப் பொழுதைப் போக்குகின்றனர். சாரதி ஓடிவந்து மூடியைத் திறக்கும்போது மூவரும் இறந்து கிடக்கின்றனர். ‘ஏன் தாங்கியைத் தட்டவில்லை?’ என்னும் சாரதியின் கதறலோடு கதை முடிகின்றது.

1972இல் எகிப்திய இயக்குநர் தௌபீக் சாலிஹ் இதனைத் திரைப்படமாக்கியபோது ஒரு மாற்றம் செய்தார். படத்திலே அவர்கள் தட்டுகின்றனர்; வெளியே யாருக்கும் கேட்கவில்லை. எது மேல்? நூல் இறந்தவரை நோக்கி வினவுகின்றது; படம் கேளாதவரை நோக்கி வினவுகின்றது. வாதம் இரு பக்கமும் உண்டு. ஆனால் அந்தக் கொலைக்குக் குண்டு தேவைப்படவில்லை, சில நிமிட வீண்பேச்சே போதியதாயிற்று என்பதை இரண்டும் காட்டிவிடுகின்றன. போரினால் பெயர்ந்தவன் போர் ஓய்ந்து பத்தாண்டு சென்றபின்னும் அப்போரினாலேயே இறக்கின்றான். நாளேடுகள் எண்ணாத சாவு அது. அதனைக் கதைதான் எண்ணவேண்டும்.

கனபானியின் மற்றொரு குறுநாவல், 1969இல் வெளிவந்த ‘ஹைபாவுக்குத் திரும்புதல்’. இதனைச் சற்று நின்று நோக்கவேண்டும். 1948 ஏப்பிரலில் ஹைபா வீழ்ந்த நாளின் குழப்பத்திலே, சயீது என்பவனும் அவன் மனைவி சபியாவும் கூட்டத்தின் அலையால் கடலை நோக்கித் தள்ளப்பட்டனர். ஐந்து மாதக் குழந்தை வீட்டிலே கிடந்தது. திரும்பிச் செல்ல முடியவில்லை. இருபது ஆண்டுகள் அதைப்பற்றி இருவரும் வாய்திறந்து பேசிக்கொண்டதும் இல்லை. 1967 போரின்பின் எல்லை திறந்தது. இருவரும் தம் பழைய வீட்டைத் தேடிச் செல்கின்றனர்.

வீடு அங்கேயே இருக்கின்றது. கதவைத் திறப்பவள் மிரியம் என்னும் முதியவள், போலந்திலிருந்து வந்தவள், அவளுடைய தந்தை ஓஷ்விட்சில் இறந்தவர். அவளும் வீடிழந்தவளே! சயீது கூடத்தைச் சுற்றிப் பார்க்கின்றான். நாற்காலிகள் தம்முடையவை. பூச்சாடியிலே மயிலிறகுகள். ஏழு இருந்தன, இப்போது ஐந்து இருக்கின்றன. காணாமற்போன அந்த இரண்டு இறகுகளையும் அவன் மனம் விடமாட்டாது பற்றிக்கொள்கின்றது. நாடு இழந்தவன் நாட்டைப்பற்றி அவ்விடத்தில் நினைக்கவில்லை, இரண்டு மயிலிறகை நினைக்கின்றான்! அந்த இறகுகளோடு விளையாடித் தொலைத்தது அவ்வீட்டிலே வளர்ந்த பிள்ளை என்பது பின்னர்த் தெரிகின்றது. அந்தப் பிள்ளைதான் இவர்களுடைய குழந்தை. இப்போது அவனுக்கு வேறு பெயர், வேறு மொழி, வேறு தாய். உடலிலே இசுரவேற் படையின் சீருடை.

இக்குறுநாவலின் பிற்பகுதி முற்பகுதிக்கு ஈடாகவில்லை. பாத்திரங்கள் உரையாடுவதை விட்டுச் சொற்பொழிவாற்றத் தொடங்கிவிடுகின்றனர். கனபானி ஓர் அரசியல் இயக்கத்தின் பேச்சாளராகவும் இருந்தவர்; அந்தக் குரல் கதைக்குள் புகுந்துவிடுகின்றது. 1972 ஜூலை 8ஆம் நாள் பெய்ரூட் நகரிலே மோட்டார் வண்டியில் வைக்கப்பட்ட குண்டு அவரையும் அவருடைய மருமகளாகிய இளம்பெண்ணையும் கொன்றது. அவருடைய அரசியலை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். ஆனால் தன் வீட்டைப் பறிகொடுத்த இனத்தின் எழுத்தாளர் ஒருவர், அவ்வீட்டிற் குடியேறிய பெண்ணைப் பேயாக எழுதாமல், தந்தையை இழந்த மகளாக, பிள்ளையை வளர்த்த தாயாக எழுதினார் என்பது அரசியலுக்கு அப்பாலும் நிலைக்கும். ‘என் வீட்டில் இப்போது இருப்பவர் யார்?’ என்ற கேள்வியைக் கேட்கும் துணிவு இடம்பெயர்ந்தோர் இலக்கியத்தில் அரிதாகவே காணப்படுகின்றது.

கவிதையில் மஹ்மூத் தர்வீஷ் ஒருவரைச் சுட்டினால் அமையும். அல்பிர்வா என்னும் ஊரில் 1941இற் பிறந்தவர். 1948இல் குடும்பத்தோடு லெபனானுக்கு ஓடி, பின்னர் ஒளித்துத் திரும்பி வந்தபோது ஊரே தரைமட்டமாகியிருந்தது. சொந்த நாட்டிலேயே ‘இருந்தும் இல்லாதவர்’ என்னும் சட்டப் பிரிவில் அக்குடும்பம் அடங்கியது. சிறையிலிருந்தபோது அவர் தம் தாயைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அம்மா சுடும் ரொட்டி, அம்மா தரும் கோப்பி, அம்மாவின் கைபடுதல் ஆகியவற்றுக்கு ஏங்கிய பாட்டு அது. பின்னர் இசையமைக்கப்பட்டு அரபுலகெங்கும் பரவியது. கேட்டோர் அந்தத் தாயைத் தாய்நாடு என்றே கொண்டனர். கவிஞர் பாடியதோ தாயைத்தான். தாய்நாடு என்று தொடங்கியிருந்தால் அது தாயையும் எட்டியிராது, நாட்டையும் எட்டியிராது.

இவற்றை இவ்வளவு தூரம் பேசியதற்குக் காரணம் நேயர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரிலே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் இரண்டு மணித்தியாலம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் மாலை ஒலிபெருக்கி அறிவித்தலின் பின் வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் செம்மணி வழியாக, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நகர்ந்தனர். இருபுறமும் நீர், குடிக்க ஒரு மிடறு இல்லை. 2009இல் முள்ளிவாய்க்காலின் பின் மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்தோர் முட்கம்பி வேலிக்குள் இருந்தனர். இந்நாட்டுத் தமிழிலக்கியம் இவற்றை எங்ஙனம் எழுதியது என்பது தனியே ஆராய்தற்குரியது. ஈண்டுச் சில மட்டும் கூறலாம்.

முதலில் வந்தது கவிதை. அதற்குக் காரணம் கவிஞரின் பெருமை மட்டுமன்று. நாவல் எழுத மேசை வேண்டும், தாள் வேண்டும், நாளையும் இதே இடத்தில் இருப்போம் என்ற நம்பிக்கை வேண்டும். கவிதைக்கு ஒரு கொப்பித் தாளின் பின்பக்கமும் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சமும் போதும். ஓடும்போது சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடலாம்; தாளும் போய்விட்டால் மனத்தில் வைத்துக்கொண்டு ஓடலாம். பா. அகிலனின் ‘பதுங்குகுழி நாட்கள்’, தீபச்செல்வனின் ‘பதுங்குகுழியில் பிறந்த குழந்தை’ ஆகிய தொகுப்புகளின் பெயர்களே அவை எழுந்த இடத்தை உணர்த்துவன. நிலாந்தனின் ‘யாழ்ப்பாணமே ஓ எனது யாழ்ப்பாணமே’ நகரத்தையே முன்னிலைப்படுத்தி விளிக்கும் பெயர் தாங்கியது. சிறுகதையிலே, வன்னியிலிருந்து எழுதிய தாமரைச்செல்வி, பெயர்ந்து பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பங்களை அமைதியான குரலில் எழுதினார். அந்த அமைதியைக் குறையெனக் கருதினோர் உண்டு. குரலை உயர்த்தாமையே அக்கதைகளின் வலிமை என்று கொள்வதே பொருந்தும்.

எழுதுவோர் சொற்களிலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். ‘அகதி’ என்பது கதியற்றவன் என்னும் பொருள் தரும் வடசொல். தன் கையால் கொட்டில் போட்டு, தன் கையால் கிணறு வெட்டி, மூன்றாம் மாதமே மிளகாய்க் கன்று நட்டவரைக் கதியற்றவர் என்பது எவ்வளவு பொருந்தும்? ‘இடம்பெயர்வு’ என்னும் சொல் பின்னர் வழக்கில் ஊன்றியது. அது மதிப்பான சொல்தான். ஆயினும் அதற்கும் ஒரு வழுக்கல் உண்டு. பறவை இடம்பெயர்வது போல மக்கள் தாமே பெயர்ந்தனர் என்ற மயக்கத்தை அது தருகின்றது. ஆதலின்தான் வடக்கு முஸ்லிம் மக்கள் தமக்கு நேர்ந்ததை இடம்பெயர்வு என்று எழுதவேண்டா, வெளியேற்றம் என்று எழுதுக என வற்புறுத்துகின்றனர். வெளியேற்றம் என்றால் வெளியேற்றியவர் யார் என்ற கேள்வி உடனே எழும். அக்கேள்வியைத் தமிழ் எழுத்தாளர் பலர் நெடுங்காலம் தவிர்த்தனர் என்பதை மறுக்கவியலாது. 1995இல் தம் வீட்டுக் கதவைப் பூட்டித் திறப்பை மடியிற் கட்டிக்கொண்டு நடந்த துயரத்தை நூறு கவிதைகளில் எழுதியோர், ஐந்தாண்டுகளுக்கு முன் பக்கத்துத் தெருவிலே பூட்டப்பட்ட கதவுகளை எத்தனை கவிதைகளில் எழுதினர்? கனபானி மிரியத்தை எழுதியது போல, புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்த யாழ்ப்பாணச் சிறுமியை யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவர் எழுதியிருப்பாரானால், அது இருசாராரும் ஒரே வாங்கில் இருந்து படிக்கும் நூலாயிருக்கும்.

இன்னொரு வகையினரும் உளர். தொலைநாட்டிலிருந்து எழுதுவோர். அவர்கள் எழுதலாகாது என்பாரின் வாதம் ஏற்கத்தக்கதன்று. கபிலர் தம் வீட்டை இழந்தவர் அல்லர். ஆனால் கபிலர் உடன் நடந்தார். உடன் நடவாதவர் உடன் நடந்தவரைக் கேட்டாவது அறியவேண்டும். எந்த மாதத்தில் எந்த ஒழுங்கை சேறாகும், ஷெல் விழுந்தால் முதலில் ஒலி வருமா வெளிச்சம் வருமா, நிவாரண அட்டைக்கு எத்தனை கிழமைக்கு ஒருமுறை எவ்வளவு மா கிடைத்தது என்பவற்றில் ஒன்று பிழைத்தாலும், அங்கிருந்தவர் நூலை மூடிவிடுவார். அவர் மூடியபின் வெளியுலகம் எவ்வளவு புகழ்ந்தும் பயனில்லை.

வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் தம் செம்மண் காணிகளையும் கடற்கரையையும் விட்டுப் பெயர்ந்தனர். அவ்விடம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. அவர்களுட் பலர் கால் நூற்றாண்டுக்கு மேலாக நலன்புரி நிலையங்களில் வாழ்ந்தனர். அங்கே பிறந்து, அங்கே பள்ளி சென்று, அங்கேயே மணமுடித்தோர் உளர். அத்தகைய பிள்ளை ஒன்றுக்கு ‘எனது ஊர்’ என்னும் கட்டுரை கொடுத்தால் அது எதனை எழுதும்? தான் காணாத மயிலிட்டியை எழுதும். கடல், துறை, கோயில், தேர், மீன் காயும் மணல், அம்மம்மாவின் வீடு, வீட்டுக்குக் கிழக்கே பதினேழு அடியில் கிணறு, கிணற்றடியில் தேசி மரம்; எல்லாம் அம்மம்மா சொன்னபடி ஒரு பிழையின்றி எழுதும்.

மயிலிட்டித் துறைப்பகுதி 2017இல் விடுவிக்கப்பட்டது. பார்க்கச் சென்றவர்களுட் பலருக்கு வீடு இல்லை, மதில் இல்லை, ஒழுங்கையும் இல்லை. பற்றைக்குள் கிடந்த கிணற்றைக் கொண்டு காணியை அடையாளங் கண்டவர்கள் இருந்தனர். இங்கே எழுதப்படவேண்டிய கதையொன்று கிடக்கின்றது. அந்தக் கட்டுரையை எழுதிய பிள்ளை இப்போது வளர்ந்தவள், அம்மம்மா இறந்துவிட்டாள். தன் சிறு மகனோடு அவள் அங்கே வருகின்றாள். கிணறு அகப்படுகின்றது. தேசி மரம் இல்லை. அம்மம்மா சொன்னது வீட்டிலிருந்து கிணற்றுக்கு உள்ள தூரம். அவளிடம் இருப்பதோ கிணறு மட்டும். கிணற்றுக்கட்டில் முதுகை வைத்து, மேற்கே வெயில் சாய்வதைப் பார்த்துத் திசை பிடித்து, அவள் அடி அளந்து நடக்கத் தொடங்குகின்றாள். மகன் பின்னால் நின்று எண்ணுகின்றான்.